அடுக்களைப் பகுதி: மேய்ப்பன் பை



சென்ற இதழில் கேழ்வரகுக் களியைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களுள் ஒன்று, இரண்டு நாள் என் மேசை மீதே கிடந்தது. காக்ஸ் டவுனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு அம்மா ஒன்று செய்வார். அடியில் கொத்துக்கறி, மேலே மசித்த உருளைக்கிழங்கு. முள்கரண்டியால் கோடு கோடாக இழுத்துச் சிவக்க வைத்திருப்பார். அம்மா காலமாகி ஐந்தாண்டுகள் ஆகின்றன. பக்குவத்தை அவர் எழுதி வைக்கவில்லை. நானும் கேட்டு வைக்கவில்லை. அந்தக் கறியில்தான் செய்வார். தங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்."

கடிதம் இவ்வளவே. எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் உடனே பதில் எழுத முடியவில்லை.

'அந்தக் கறி' என்று அச்சகோதரி எழுதியதை எங்கள் வீட்டில் 'பெரிய கறி' என்போம். வேறு சில வீடுகளில் 'பெரிய ஆட்டுக்கறி' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆடு எவ்வளவு பெரியதாக வளர்ந்தாலும் மாடாகிவிடாது என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் அப்பெயரே வழங்கிற்று. இப்பகுதியில் நான் மீன் எழுதியிருக்கிறேன், கோழி எழுதியிருக்கிறேன், ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மாட்டிறைச்சி என்ற சொல்லை மட்டும் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் எழுதியதில்லை. எழுதக் கூடாதென்று எவரும் தடுத்ததில்லை. என் பேனாவே தடுத்தது. இம்மாதம் எழுதுகிறேன். அதனை உண்ணாத இல்லத்தார் பொறுத்தருள வேண்டும். அவர்களுக்கும் இக்கட்டுரையில் ஒரு வழி உண்டு.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் இதனைக் 'காட்டேஜ் பை' என்றும் 'ஷெப்பர்ட்ஸ் பை' என்றும் அழைப்பர். முன்னது குடிசையின் பெயர். 1791ஆம் ஆண்டிலேயே வழக்கிலிருந்தது. ஏழைக் குடிசைகளில் உருளைக்கிழங்கே வயிற்றை நிரப்பிய காலம் அது. பின்னது மேய்ப்பனின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. ஆட்டிறைச்சியில் செய்தால் மேய்ப்பன், மாட்டிறைச்சியில் செய்தால் குடிசை என்று இன்று பிரித்துச் சொல்வார்கள். எங்கள் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இந்தப் பாகுபாட்டை ஒருவரும் பொருட்படுத்தியதில்லை. எந்த இறைச்சியானாலும் ஷெப்பர்ட்ஸ் பைதான். அதைத் தமிழாக்கி என் தாயார் 'மேய்ப்பன் பை' என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் தாவீது தன் பையிலே கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு கோலியாத்தை எதிர்க்கச் சென்ற கதையைக் கேட்ட நான், அந்தப் பைதான் இந்தப் பை என்று நெடுநாள் நம்பியிருந்தேன். கிழங்குக்கு அடியில் கல் இருக்கிறதா என்று கரண்டியால் குடைந்து பார்த்து அடியும் வாங்கியிருக்கிறேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இப்பெயர் எங்ஙனம் தமிழ் வீடு புகுந்தது என்பதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்து தண்டு இறங்கியது. அதன் பின்னாலே சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும், வணிகரும், கொத்தரும், வண்ணாரும், சமையற்காரரும் வந்தனர். நம்மில் பலருடைய பாட்டனும் பூட்டனும் அவ்வழி வந்தவர்களே. 1898இல் பிளேக் நோய் ஊரை வாட்டிய பின், தண்டின் நெருக்கடியைக் குறைக்க வடபால் புதிய பகுதிகளை அமைத்தார்கள். 1906இல் பிரேசர் டவுனுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதை ஒட்டி ரிச்சர்ட்ஸ் டவுனும் நேரான வீதிகளோடும் ஒரு பூங்காவோடும் எழுந்தது. முன்னே பங்களா, பின்னே தோட்டம், தோட்டத்தின் கோடியில் வேலைக்காரர் குடியிருப்பு. பங்களாவில் ஆங்கிலம் வழங்கும். கோடி வீட்டில் தமிழ் வழங்கும். இரண்டுக்கும் நடுவே குசினி.

என் தந்தையார் அந்தக் குசினியில் இருந்தவர். குடியாத்தத்திலிருந்து பதினான்கு வயதில் வந்து, பாத்திரம் துலக்கும் பையனாகச் சேர்ந்து, பின் தலைமைச் சமையற்காரர் ஆனார். நாங்கள் அவரை 'நைனா' என்று அழைப்போம். பங்களாவில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பெரிய ரோஸ்ட் நடக்கும். எஞ்சிய இறைச்சியைத் திங்கட்கிழமை கைமா இயந்திரத்தில் இட்டு அரைத்து, மேலே கிழங்கை மூடி, பை ஆக்கிவிடுவார்கள். சீமையிலும் இதுவே வழக்கம். முந்தின நாள் மிச்சத்துக்கு மறுநாள் புதுச்சட்டை அணிவிக்கும் வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் மிச்சம் நுழைந்ததில்லை. இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குசினிக்காரர் வீடென்றால் பங்களா மிச்சத்தில் வாழும் வீடு என்று ஊரார் எண்ணுவார்கள். துரைசானி அம்மாள் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாலும் என் தந்தையார் எடுத்து வருவதில்லை. சனிக்கிழமை கூலி கையில் வந்ததும் சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் பக்கம் நடந்து சென்று, மாட்டிறைச்சிக் கடையில் தம் காசில் அரைக்கிலோ வாங்கி வருவார். ஆட்டிறைச்சிக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது. அன்று இரவு எங்கள் வீட்டு அடுப்பில் தாமே நின்று சமைப்பார். வாரத்தில் ஆறு நாள் பிறருக்குச் சமைத்த கை, ஏழாம் நாள் எங்களுக்கென்று சமைக்கும். அன்று அம்மாவுக்கு ஓய்வு. ஏழு பேருக்கு அரைக்கிலோ போதாதே என்று கேட்பீர்கள். போதுமாறு செய்வதுதான் அந்தப் பக்குவத்தின் உயிர்.

பக்குவத்தைச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எழுதினால் இது பொய்க் கட்டுரையாகிவிடும்.

துரைசானி அம்மாளின் தயவால் நான் ஒரு நல்ல ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். பள்ளியின் பெயர் வேண்டா. உடன் படித்த பெண்கள் வண்டியில் வருவார்கள். நான் நடந்து செல்வேன். என் தந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்பதை நான் அங்கே சொன்னதில்லை. எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஒரு திங்கட்கிழமை மதிய உணவை மறந்து சென்றுவிட்டேன். மணி அடித்து நாங்கள் மரத்தடியில் அமர்ந்த வேளையில், வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக என் தந்தையார் வாயிலில் வந்து நின்றார். கையில் துணி சுற்றிய எனாமல் பாத்திரம். பங்களாவில் மதிய உணவைப் பரிமாறிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை. துணியைப் பிரித்ததும் மிளகும் வறுத்த வெங்காயமும் மணத்தன. "யாரது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கள் வீட்டுச் சமையற்காரர்" என்றேன்.

அவர் காதில் அது விழுந்தது. என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பங்களாவில் தட்டை வைக்கும்போது எப்படிக் குனிவாரோ அப்படிக் குனிந்து பாத்திரத்தை என் முன்னே வைத்து, "சூடா இருக்குதுங்க மிஸ்ஸி, பாத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"உள்ளே என்ன கறி?" என்று அதே பெண் கேட்டாள். "முட்டைக்கோஸ்" என்றேன். ஒரே மூச்சில் இரண்டு மறுப்பு. அன்று அந்தப் பாத்திரத்தை நான் தொடவில்லை; பள்ளித் தோட்டத்தில் கொட்டிவிட்டுக் கழுவி எடுத்து வந்தேன். அடுத்த சனிக்கிழமை இரவு, வழக்கம்போல் பாத்திரத்தின் மூலையில் நன்றாகச் சிவந்து மொறுமொறுத்த பகுதியைப் பெயர்த்து என் தட்டில் வைத்தார். அது எப்போதும் எனக்கென்றே ஒதுக்கும் பகுதி. "நைனா" என்று தொடங்கினேன். "ஆறிப்போவுது, துண்ணு கண்ணு" என்றார். அதன்பின் அவ்விஷயத்தை இருவரும் பேசவே இல்லை. 1984இல் அவர் காலமாகும் வரையிலும் பேசவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியைப் படித்தேன். திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லீஸ் துரையிடம் சேர்ப்பித்தவர், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன் என்றும், அவர் தம் பாட்டனார் என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு எல்லீஸ் துரை நினைவுக்கு வரவில்லை; எனாமல் பாத்திரத்தோடு வாயிலில் நின்றவர்தாம் நினைவுக்கு வந்தார்.

இனிப் பக்குவம். இது ஆறு பேருக்கு.

கொத்துக்கறி அரைக்கிலோ வேண்டும். எந்த இறைச்சி என்பதில் இன்று நம் ஊர் நிலைமையை அறிந்திருக்க வேண்டும். என் இளமையில், அப்போதைய மைசூர் மாநிலத்தின் 1964ஆம் ஆண்டுச் சட்டம் பசுவை வெட்டுவதைத் தடை செய்தது. 12 வயது கடந்த எருதுக்கும் எருமைக்கும் சான்றிதழோடு இடமளித்தது. 2021இல் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகிய அனைத்தையும் வெட்டக் கூடாதென்கிறது. 13 வயது கடந்த எருமைக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஆகவே பெங்களூரில் இன்று சட்டப்படி கடையில் 'பீஃப்' என்று விற்பது எருமை இறைச்சி. என் தந்தையார் சமைத்த எருதிறைச்சியின் சுவையை அப்படியே மீட்க இயலாது என்பதைக் காக்ஸ் டவுன் சகோதரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எருமை இறைச்சி நிறத்தில் கறுத்தது, கொழுப்புக் குறைந்தது, வயது முதிர்ந்த விலங்கினுடையதாதலால் நார் கெட்டி. எனவே கடைக்காரரிடம் சொல்லி இரண்டு முறை அரைத்து வாங்குங்கள். கொழுப்புக் குறைவாதலால் எண்ணெயைச் சற்றுத் தாராளமாக, மூன்று மேசைக்கரண்டி வரை விடலாம்.

அடிகனத்த வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு சிறு துண்டுப் பட்டை, மூன்று கிராம்பு போட்டு, பொடியாக அரிந்த பெரிய வெங்காயம் இரண்டைச் சேர்த்துப் பொன்னிறமாக வதக்குக. அவசரம் கூடாது, இதற்கே பத்து நிமிடம் ஆகும். ஒரு விரற்கடை இஞ்சி, ஆறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றை நசுக்கிப் போடுக. பிறகு இறைச்சியைப் பரப்பி, தீயை ஏற்றி, கட்டி கட்டாமல் உதிர்த்துக் கிளறுக. முதலில் நீர் விடும். அந்நீர் சுண்டி, சட்டியின் அடியில் 'சுர்' என்று ஓசை மாறும். அந்த ஓசை மாறும் வரையில் காத்திருக்க வேண்டும் என்பார் என் தந்தையார். அதுவரை இறைச்சி வேகிறது, அதற்குமேல்தான் வறுபடுகிறது. வறுபட்டால்தான் சிவப்பும் மணமும் வரும். புதிதாகச் சமைக்கும் பெண்கள் தவறும் இடம் இதுவே.

வறுபட்டதும் அரிந்த தக்காளி இரண்டு, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு, ஒரு மேசைக்கரண்டி மைதா மாவு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டி, ஒன்றரைக் கோப்பை நீர் விட்டு மூடி வைக்கவும். எருமைக்குத் திறந்த சட்டியில் ஒரு மணி நேரம் சிறுதீ வேண்டும். நடுவில் நீர் வற்றினால் சிறிது வெந்நீர் விடலாம். குக்கரானால் ஒரு கோப்பை நீரும் ஐந்து விசிலும் போதும்.

இந்த இடத்தில் பங்களாக் குசினியில் 'வூஸ்டர் சாஸ்' என்னும் கறுப்புக் குழம்பைச் சில சொட்டு விடுவார்கள். இங்கிலாந்தில் வூஸ்டர் நகரத்தில் 1837 முதல் விற்பனைக்கு வந்த சரக்கு. சீசா ஒன்றின் விலை எங்கள் வீட்டுக்கு எட்டாது. அதற்கு ஈடாக என் தந்தையார், கோலிக்குண்டளவு புளியைக் கால் கோப்பை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு சிட்டிகை வெல்லமும் ஒரு தேக்கரண்டி வினிகரும் கலந்து ஊற்றுவார். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று அன்று நாங்கள் நினைத்தோம். பின்னாளில் ஒரு சீசாவின் மேல் ஒட்டிய தாளைப் படித்துப் பார்த்தேன். சேர்மானத்தில் புளி இருக்கிறது! நம் ஊர்ப் புளி கப்பலேறிச் சென்று, சீசாவில் அடைபட்டு, விலை உயர்ந்து திரும்பி வந்திருக்கிறது. அதை அப்போதே அறிந்துதான் புளியைக் கரைத்தாரா, அல்லது நாக்கால் கண்டுபிடித்தாரா என்று நான் அவரைக் கேட்கவில்லை. மற்ற பலவற்றைக் கேட்காதது போலவே இதையும் கேட்கவில்லை.

கறி கெட்டியாக, ஆனால் வறண்டு போகாமல், கரண்டியால் அள்ளினால் மெல்லச் சரியும் பதத்தில் இறக்குக. பட்டை கிராம்பை எடுத்துவிட்டுப் பாத்திரத்தில் பரப்பி ஆறவிடுக. சூடாக இருக்கும்போதே கிழங்கை மேலே வைத்தால் அது கறிக்குள் அமிழ்ந்து சேறாகிவிடும்.

கிழங்கு ஒரு கிலோ. புதுக்கிழங்கு வேண்டா; அது மசித்தால் மெழுகு போலாகும். சில வாரம் இருப்பில் கிடந்த, தோல் தடித்த பழங்கிழங்கே மாவாக உதிரும். தோலுடன் குளிர்ந்த உப்பு நீரில் இட்டு வேகவைத்து, நீரை வடித்து, வெறும் சட்டியில் ஒரு நிமிடம் தணலில் வைத்து ஈரம் போக்கி, சூட்டோடு உரித்து மசிக்கவும். மிக்ஸியில் இடவே கூடாது. கிழங்கிலுள்ள மாவுச்சத்து அளவு மீறி உடைந்து பசை காய்ச்சினாற் போல இழுபடும். இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும், அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைவாகக் காய்ச்சிய பாலும், உப்பும், சிறிது மிளகுத்தூளும் சேர்த்தால் போதும். பங்களாவில் முட்டை மஞ்சட்கருவும் சேரும். எங்கள் வீட்டில் முட்டை இருந்தால் சேரும்.

ஆறிய கறியின்மேல் கிழங்கை ஓரத்திலிருந்து நடுநோக்கிப் பரப்புக. ஓரம் முதலில் மூடப்பட்டால்தான் சாறு பொங்கி வழியாது. பின்னர் முள்கரண்டியால் உழவு சால் போலக் கோடு இழுக்கவும். அழகுக்காக மட்டுமன்று. மேடுகள் சூட்டில் முன்னே சிவந்து மொறுமொறுக்கும். பள்ளங்கள் மென்மையாக நிற்கும். ஒரே வாயில் இரண்டும் கிடைக்கும். மேலே ஒரு கைப்பிடி காய்ந்த ரொட்டித்தூளைத் தூவலாம்.

ஓவன் உள்ளவர்கள் 200 டிகிரிச் சூட்டில் முப்பது நிமிடம் வைக்கலாம். எங்கள் கோடி வீட்டில் ஓவன் ஏது? மண் அடுப்பில் தணலைப் பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, மூடியின்மேலும் நெருப்புத்துண்டுகளைக் குவிப்பார் என் தந்தையார். கீழே சிறிது, மேலே அதிகம் என்பது கணக்கு. மூடி மேலிருந்த சாம்பல் உள்ளே விழாமல் ஒரே வீச்சில் தூக்குவது தனித்திறமை. இன்று எரிவாயு அடுப்பு மட்டும் வைத்திருப்போர், பாத்திரத்தைத் தடித்த தோசைக்கல்லின்மேல் சிறுதீயில் வைத்து, இன்னோர் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகப் பழுக்கக் காய்ச்சி, கைபடாமல் இடுக்கியால் பிடித்துப் பாத்திர விளிம்பின்மேல் கவிழ்த்து மூடலாம். கிழங்கு விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருக்க வேண்டும். இரண்டு முறை மாற்றிக் காய்ச்சி வைத்தால் சிவந்துவிடும். பிள்ளைகளை அப்போது அடுக்களைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

மாதக் கடைசியில் அரைக்கிலோ கால்கிலோவாகும். அப்போது ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பைக் குழையாமல் வேகவைத்துக் கறியோடு கலப்பார் அம்மா. நிறமும் பதமும் ஒத்திருப்பதால் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தும் சொல்லாமல் இருந்தோமோ, தெரியாது. கேரட்டும் பட்டாணியும் அவ்வாறே சேர்வதுண்டு. இறைச்சி உண்ணாத இல்லத்தாருக்கு நான் சொல்வதாகக் கூறிய வழியும் இதுவே: முழுவதும் மைசூர்ப் பருப்பும், பொடியாக அரிந்து நன்றாக வறுத்த காளானுமாகச் செய்யலாம். புளிக்கரைசலை விடாதீர்கள். ஆட்டுக்கறியில் செய்தால் ஐந்து விசிலுக்குப் பதில் மூன்று போதும். மேய்ப்பன் என்ற பெயரும் அப்போது பொருந்தும்.

எஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் உள்வரை கொதிக்கச் சூடாக்கி உண்ணலாம். கொத்துக்கறி விரைவில் கெடுவது; வெளியே வைத்து மறந்துவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான். சிக்கனம் அங்கே செல்லாது.

பங்களாக் குடும்பம் 1968இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்புதான் அந்நாடு வெள்ளையரல்லாதார் குடியேற்ற விதிகளைத் தளர்த்தியிருந்தது. நம் தண்டுப் பகுதியில் எத்தனையோ ஆங்கிலோ இந்திய வீடுகள் அவ்வாண்டுகளில் காலியாயின. நாம் ஆற்காட்டை விட்டு இங்கு வந்தோம். அவர்கள் இங்கிருந்து அங்கே சென்றார்கள். துரைசானி அம்மாள் புறப்படுமுன் என் தந்தையாருக்கு மூன்று மாதச் சம்பளமும், நீல விளிம்பிட்ட வெள்ளை எனாமல் பாத்திரம் ஒன்றும் கொடுத்தார். நான் பள்ளியில் கொட்டிக் கழுவிய அதே பாத்திரம். அதன்பின் என் தந்தையார் ஒரு விடுதியில் சாம்பாரும் சப்பாத்தியும் சமைத்துப் பிழைத்தார். சனிக்கிழமை பை மட்டும் நிற்கவில்லை.

அப்பாத்திரம் இப்போது என்னிடம் இருக்கிறது. விளிம்பில் எனாமல் பெயர்ந்து நான்கு இடத்தில் கறுத்துவிட்டது. பெயர்ந்த எனாமல் உணவில் விழக்கூடும் என்பதால் அதில் சமைப்பதில்லை. கடிதம் வந்த வாரம் சனிக்கிழமை, புதிய கண்ணாடிப் பாத்திரமொன்றில் செய்தேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, தோழியரை அழைத்து வந்திருந்தாள். "பாட்டி, இது என்ன?" என்று அவர்களுள் ஒருத்தி கேட்டாள். என் பேத்தி என்னைப் பார்த்தாள். எருமைக் கொத்துக்கறியும் கிழங்கும் என்றேன்; என் தந்தையார் இந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் சமையற்காரராக இருந்தார், அவர் பக்குவம் என்றேன். இருவர் வேண்டாமென்று ரொட்டியும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டார்கள். அதில் வருத்தம் ஒன்றுமில்லை. மற்ற மூவரும் மூலையிலுள்ள மொறுமொறுப்புக்குப் போட்டி போட்டார்கள். மூலை நான்குதானே, நான் ஒன்றை முன்னரே எடுத்து வைத்திருந்தேன்.

காக்ஸ் டவுன் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் தாயார் கறியில் வேறு ஏதேனும் சேர்த்திருந்தால், மணமோ நிறமோ நினைவிலிருந்தால், எழுதுங்கள். சிலர் வீட்டில் புதினா சேர்ப்பார்களென்று கேள்வி. சோம்பு சேர்க்கும் வீடும் உண்டு. நான் செய்து பார்த்து எழுதுகிறேன்.

அடுத்த இதழில் மிளகுத்தண்ணீர். நம் வாய்ச்சொல்லை ஆங்கிலேயர் 'மல்லிகடாவ்னி' ஆக்கிக்கொண்டு போனார்களே, அதுவேதான். வீட்டில் செய்யும் முறையை அறிந்தவர்கள் மாத முடிவுக்குள் எழுதி அனுப்புக.